பேச்சுக்கு முந்திய அன்பு

திருக்குர்ஆனின் இருபத்தெட்டாம் அத்தியாயமாகிய அல்கஸஸில் மூஸா (அலை) அவர்களின் குழந்தைப் பருவம் இடம்பெறுகிறது. அப்பகுதியை விளக்கும்போது நம் சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் தாயின் பக்கமே நிற்பர். பிள்ளையைப் பேழையிலிட்டு ஆற்றில் விட்ட பின் அந்தத் தாயின் நெஞ்சம் பட்ட பாடும், தமக்கையைப் பின்தொடர அனுப்பியதும், இறுதியில் பிள்ளை மடிக்கே திரும்பி அவர் கண் குளிர்ந்ததும் உருக்கத்தோடு எடுத்துரைக்கப்படும். அப்பகுதியின் பன்னிரண்டாம் வசனம் தரும் செய்தி ஒன்று அவ்வளவாகக் கவனம் பெறுவதில்லை. பாலூட்டும் பெண்கள் பலர் இருந்தும் அக்குழந்தை அவர்களில் எவரிடமும் பால் அருந்தவில்லை என்பதே அது. அங்கே ஆளப்பட்டிருக்கும் ‘தஹ்ரீம்’ என்னும் சொல் மார்க்கச் சட்டத்தின் விலக்கைக் குறிக்காது, அமைப்பாகவே ஏற்பட்ட தடுப்பைக் குறிக்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். கைக்குழந்தைக்குச் சட்டக் கடமை ஏது?

அது இறைவனின் ஏற்பாடு, ஐயமில்லை. ஆயினும் அந்த ஏற்பாடு ஒரு பச்சிளங்குழந்தையின் மறுப்பு வழியாகவே நிறைவேறிற்று என்பது எண்ணத்தக்கது. பேசத் தெரியாத, எழுந்து நடக்க இயலாத ஓர் உயிரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆற்றல் ஒன்று மட்டுமே இருந்தது. அரண்மனையில் இருந்தோர் அம்மறுப்பைப் பசியின்மை என்றோ நோய் என்றோ கருதியிருக்கக்கூடும். அதன் பொருளை அறிந்து பேசியவர் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தமக்கை ஒருவரே.

தாய் தந்தையர் பிள்ளைகள்மீது வைக்கும் அன்பைப் பற்றி நம்மிடம் எழுத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளை பெற்றோர்மீது வைக்கும் அன்பைப் பற்றியோ, அது வளர்ந்து ஆளான பின் ஆற்றவேண்டிய கடமையாக மட்டுமே நாம் பேசுகிறோம். ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் அது வைக்கும் அன்பு, கடமை எதையும் அறியாத அன்பு. அது அழுகையாகவும், முந்தானையைப் பிடித்து இழுத்தலாகவும், கதவுவரை பின்னால் தவழ்ந்து வருதலாகவும், சில வேளை கடியாகவும் வெளிப்படுகிறது. அம்மொழி பிடிபடாத இல்லங்களில் அன்பு அடமாகவும், ஏக்கம் கெட்ட பழக்கமாகவும் பெயர் பெற்றுத் தண்டனைக்கும் உள்ளாகின்றன.

அரபு மொழியில் சிறுவனுக்கு வழங்கும் பெயர்களுள் ‘ஸபிய்யு’ என்பது ஒன்று. ஸாத், பா, வாவ் என்னும் மூவெழுத்து வேரின்கீழ் அகராதி ஆசிரியர்கள் இதனை வைப்பர். ‘ஸபா’ என்னும் வினைக்கு ஒன்றன்பால் சாய்தல், ஏக்கத்தோடு நாடுதல் என்று பொருள். யூசுஃப் அத்தியாயத்தின் முப்பத்து மூன்றாம் வசனத்தில், பெண்களின்பால் மனம் சாய்வதைக் குறிக்க இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. ஆக, சாய்ந்து வரும் உயிர் என்னும் குறிப்பு அந்தப் பெயரிலேயே ஒலிக்கிறது. யாரை நோக்கிச் சாய்கிறது என்பதே நம் கேள்வி.

தமிழில் குழந்தைக்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. பிள்ளைத்தமிழ் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்துக்கொண்டு, ஒரு கணக்கின்படி மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தோராம் மாதத்தில் முடிகிறது. இஸ்லாமியப் புலவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீதும் இறைநேசர்கள்மீதும் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர். அப்பருவங்களை வரிசையாக நோக்கினால் அவற்றை வகுத்தோர் குழந்தையை எவ்வளவு நுட்பமாகக் கவனித்தனர் என்பது புலனாகும். பதினோராம் மாதத்தில் முத்தம் தரும்படியும், பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வரும்படியும் குழந்தையைத் தாய் வேண்டுகிறாள். முத்தமும் வருகையும் குழந்தையின் செயல்கள். எனினும் பாடலில் பேசும் குரல் என்றும் தாயினுடையதே. அழைப்பவளின் ஆசையை நாம் கேட்கிறோம்; வந்து சேரும் குழந்தையின் உள்ளத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பின்னணியில், ஹதீஸ் விரிவுரை ஒன்றில் நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டு அறிஞர் ஒருவர் சொல்லிச்சென்ற கருத்து வியப்பூட்டுவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் சிறுமகள் உமாமாவைச் சுமந்த நிலையில் தொழுதார்கள் என்பதும், ஸுஜூதுக்குச் செல்லும்போது இறக்கிவிட்டு எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள் என்பதும் அபூகதாதா (ரலி) வாயிலாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. ஃபிக்ஹு அறிஞர்கள் இதனைச் சட்டக் கண்ணோடு ஆராய்ந்தனர். தொழுகையில் எவ்வளவு அசைவு அனுமதிக்கப்படும், குழந்தையின் ஆடை தூய்மையானதாகக் கொள்ளப்படுமா, இது கடமையான தொழுகையிலா உபரியான தொழுகையிலா என்பன அவர்களின் வினாக்கள். ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபி மட்டும் வேறொரு கோணத்தில் நோக்கினார். நபியவர்கள் வேண்டுமென்றே குழந்தையைச் சுமந்திருக்கமாட்டார்கள். தொழுகைக்கு வெளியே நீண்ட நாள் அவர்களோடு பழகிய பழக்கத்தால் அக்குழந்தை தொழுகையிலும் வந்து பற்றிக்கொண்டிருக்கும், அவர்கள் அதனைத் தள்ளிவிடாமல் இருந்திருப்பார்கள் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம்.

இமாம் நவவி இதை ஏற்கவில்லை. எழும்போது தூக்கினார்கள் என்று அறிவிப்பில் வெளிப்படையாகவே இருக்கும்போது, குழந்தை தானாகத் தொற்றிக்கொண்டது என்று பொருள்கொள்ள இடமில்லை என்பது அவர் மறுப்பு. சட்ட வாதத்தில் நவவியின் பக்கமே வலுவானது என்று நானும் கருதுகிறேன். ஆனால் கத்தாபி கையாண்ட இரு சொற்களை எளிதில் கடந்துவிட முடியாது. ஒன்று ‘உல்ஃபத்’ என்னும் சொல்லின் வேரிலிருந்து வரும் வினை. நெடிது பழகி இணக்கமாதல் என்பது அதன் பொருள். மற்றொன்று ‘தஅல்லுக்’, தொற்றிக்கொள்ளுதல், பற்றித் தொங்குதல். இன்று அரபு நாட்டு உளவியல் நூல்கள், மேலை நாட்டினர் குழந்தையின் பாசப் பிணைப்புக்கு வழங்கும் கலைச்சொல்லை மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டிருப்பதும் இந்தத் ‘தஅல்லுக்’ என்னும் சொல்லையே. மற்றவர்கள் சுமந்தவரை மட்டும் பார்த்த இடத்தில், சுமக்கப்பட்ட குழந்தைக்கும் ஒரு விருப்பம் இருந்தது என்பதைக் கத்தாபி கண்டார். பழக்கத்தில் பிறந்த பற்று என்று அதற்குக் காரணமும் காட்டினார்.

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் மூத்த பெண்கள் வழங்கும் சொற்களும் இதே இடத்துக்கு வந்து சேர்கின்றன. குழந்தைக்கு ஏழெட்டு மாதமாகும்போது ‘வேற்றுமுகம் தெரிய ஆரம்பித்துவிட்டது’ என்பர். அதுவரை எடுத்தவர் கைக்கெல்லாம் சிரித்துக்கொண்டு போன பிள்ளை, திடீரென்று அண்டை வீட்டாரைக் கண்டு உதட்டைப் பிதுக்கும். வேற்றுமுகம் என்று ஒன்று தோன்றவேண்டுமாயின் அதற்கு முன்பே சொந்தமுகம் என்று ஒன்று நெஞ்சில் பதிந்திருக்கவேண்டும் அல்லவா? தாய் ஊருக்குப் போய்விட்டால் ‘பிள்ளை ஏங்கிப் போய்விடும்’ என்பர்; காய்ச்சல் வந்தால் ஏக்கத்தால் வந்தது என்பர். காய்ச்சலுக்கு மருத்துவக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் பேசத் தெரியாத ஒன்று ஏங்கவும் கூடும் என்பதை அவர்கள் ஐயத்துக்கு இடமின்றி ஏற்றிருந்தனர்.

மேலை நாட்டு அறிவுலகம் இதை ஏற்கச் சற்றுக் காலம் பிடித்தது. பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயை நாடுகிறது, பசி தீர்ப்பவர் எவராயினும் ஒன்றே என்ற கருத்து அங்கே வலுவாக இருந்தது. அதை மறுத்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய மருத்துவர் ஜான் பௌல்பி. அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த் 1954இல் உகாண்டா சென்று, கம்பாலாவை அடுத்த சிற்றூர்களில் 26 தாய்மாரையும் அவர்களின் 28 குழந்தைகளையும் வீடுதேடிச் சென்று மாதக்கணக்கில் கவனித்தார். ஆய்வுக்கூடம் ஏதுமில்லை, குழந்தை யாரைக் கண்டால் சிரிக்கிறது, யார் எழுந்து போனால் பின்தொடர்கிறது, அச்சம் வந்தால் யார் மடியில் முகம் புதைக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டதே ஆய்வு. 1967இல் அது நூலாக வந்தது.

அவர் கண்டவற்றுள் இரண்டு நமக்கு உரியவை. அன்பு வேரூன்றிய குழந்தை எப்போதும் தாயை ஒட்டிக்கொண்டே இருப்பதில்லை. அது தாயை விட்டுத் தவழ்ந்து போகிறது, எதையாவது எடுத்துப் பார்க்கிறது, திரும்பித் தாய் இருக்கிறாளா என்று ஒருமுறை நோக்குகிறது, மீண்டும் போகிறது. அந்தத் திரும்பிப் பார்க்கும் பார்வைதான் அன்பின் அடையாளங்களில் மிகச் சிறியதும் மிக உறுதியானதும் ஆகும். கொல்லையில் துணி துவைக்கும் தாய் எத்தனை முறை அதைக் கவனிக்காமல் விட்டிருப்பாள்! மற்றொன்று, தன் குழந்தையைப் பற்றிக் கேட்டால் நுணுக்கமாக, தானாகவே விரித்துச் சொல்லத் தெரிந்த தாயின் குழந்தைகளிடமே இந்தப் பாதுகாப்புணர்வு மிகுதியாக இருந்தது. எழுத்தறிவோ செல்வமோ இங்கே அளவுகோலாகவில்லை; கூர்ந்து கவனித்தலே அளவுகோலாயிற்று.

பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் எய்ன்ஸ்வொர்த் வேறொரு சோதனையை வகுத்தார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் அறிமுகமற்ற அறை ஒன்றில் இருப்பர். தாய் சிறிது நேரம் வெளியே சென்று திரும்புவாள். இருபது நிமிட அளவில் எல்லாம் முடிந்துவிடும். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதே முக்கியமாக இருக்கும் என்று நாம் நினைப்போம். தாய் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதே கூடுதலாக உணர்த்தியது. ஓடிவந்து கட்டிக்கொண்டு, அழுது, ஆறி, மீண்டும் விளையாடப் போகும் குழந்தைகள் ஒரு வகை. கட்டிக்கொள்ளவும் செய்து எட்டி உதைக்கவும் செய்யும் குழந்தைகள் இன்னொரு வகை. தாய் வந்ததையே காணாததுபோல் பொம்மையோடு இருந்துவிடும் குழந்தைகளும் உண்டு. இந்தக் கடைசி வகையினரின் இதயத் துடிப்பைப் பிற்காலத்தில் அளந்து பார்த்தபோது, வெளியே அமைதியாக இருந்த அவர்களின் உள்ளே அமைதி இல்லை என்பது தெரியவந்தது. எல்லாச் சமூகங்களுக்கும் இந்த அளவுகோல் ஒரே மாதிரி பொருந்தாது என்ற மறுப்பும் எழுந்துள்ளது. தாயை விட்டுப் பிரிந்தே பழகாத ஜப்பானியக் குழந்தைகள் அச்சோதனையில் மிகுதியாகத் துயருற்றதை அதற்குச் சான்றாகக் காட்டுவர். பாட்டி, சித்தி, பெரியம்மா என்று பல மடிகளில் வளரும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். ஆனால் திரும்பிவரும் வேளையே உண்மையைச் சொல்லும் வேளை என்ற கருத்து நம் ஊருக்கும் உரியதே.

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் சிற்றூர்களில், இளந்தாய்மார் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு நிறுவனப் பேருந்தில் சென்று வருகின்றனர். வேலை முடிந்து வரும் தாயை வாசற்படியில் கண்டதும், பகலெல்லாம் பாட்டியோடு இணக்கமாக இருந்த இரண்டு வயதுப் பிள்ளை வெடித்து அழுகிறது. காலணியைக் கழற்றவிடுவதில்லை, தண்ணீர் குடிக்கவிடுவதில்லை. “இவ்வளவு நேரம் நல்லாத்தான் இருந்தான், உன்னைக் கண்டால்தான் இந்த ஆட்டம்” என்கிறார் மாமியார். களைத்து வந்த தாய்க்கு அச்சொல் குற்றச்சாட்டாகப் படுகிறது. தன்னிடம் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறது, தன்னைப் பிடிக்கவில்லையோ என்று மனம் குமைகிறாள். உண்மையில் நாள் முழுவதும் சேர்த்துவைத்த அழுகையை இறக்கிவைக்க அந்தப் பிள்ளை ஓர் இடத்துக்காகக் காத்திருந்தது. அவள்தான் அந்த இடம். யாரிடம் அழுதால் ஏந்திக்கொள்வார்கள் என்று நம்புகிறதோ அவரிடமே குழந்தை அழும். மாமியார் சொன்னதில் பொய் இல்லை. அதை அவர் புகாராகச் சொன்னார் என்பதே குறை. அடுப்பங்கரைக்குப் போகுமுன் கால் மணி நேரம் அப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார அவளுக்கு வீட்டார் இடமளித்தால் பாதி அழுகை அங்கேயே அடங்கும்.

அழாத குழந்தையைப் பற்றியும் ஒரு சொல். தாய் எங்கே போனாலும் அழாமல், யார் எடுத்தாலும் போகும் பிள்ளையைச் ‘சமத்து’ என்று கொண்டாடுகிறோம். பல பிள்ளைகள் இயல்பாகவே அப்படி அமைந்தவர்களாக இருக்கலாம். ஆயினும் 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த ஆவணப்படம் ஒன்று இங்கே நினைவுக்கு வரவேண்டும். இரண்டரை வயதும் நிறையாத ஒரு சிறுமி லண்டன் மருத்துவமனையில் எட்டு நாள் தாயைப் பிரிந்து தங்குகிறாள். அவள் வயதுக்கு மீறித் தன்னை அடக்கிக்கொள்கிறாள். அந்த அடக்கத்தினூடே ஏக்கம் கசிகிறது. நாளாக ஆகத் தாயிடமிருந்தே விலகுகிறாள். அழுகை, சோர்வு, விலகல் என்னும் மூன்று படிகளை ராபர்ட்சனும் பௌல்பியும் எடுத்துக்காட்டினர். பெற்றோர் எந்நேரமும் குழந்தையைப் பார்க்க அனுமதிக்கவேண்டும் என்று பரிந்துரைக்க அந்நாட்டில் 1959இல் ஓர் அரசுக் குழுவின் அறிக்கை தேவைப்பட்டது. நம் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய்மாரைப் பார்த்து முகம் சுளிப்போர் இதைச் சிந்திக்கலாம்.

பிரிவின் அழுகைக்கு என்ன மருந்து என்பதற்கு ஹதீஸ் நூல்களில் எதிர்பாராத இடம் ஒன்றில் விடை இருக்கிறது. மதீனாப் பள்ளிவாசலில் மிம்பர் செய்யப்படுமுன் நபி (ஸல்) அவர்கள் ஒரு பேரீச்ச மரத்தண்டின்மீது சாய்ந்து உரையாற்றி வந்தார்கள். மிம்பர் வந்ததும் அத்தண்டு தனித்துவிடப்பட்டது, அது அழுதது. ஜாபிர் (ரலி) வழியாகப் புகாரியில் வரும் அறிவிப்பு, அவ்வழுகையைக் குழந்தையின் அழுகைக்கு ஒப்பிடுகிறது. நபியவர்கள் இறங்கிவந்து அதனை அணைத்துக்கொண்டார்கள். தேற்றப்படும் குழந்தை விம்மி விம்மி அடங்குவதுபோல் அது அடங்கியது. பொதுவாக இந்நிகழ்ச்சி முஃஜிஸாவாகவே விளக்கப்படுகிறது, அது முறையே. ஆனால் அறிவிப்பாளருக்கு ஓர் உவமை தேவைப்பட்டபோது எதைத் தேர்ந்தார் என்று பாருங்கள். நெருங்கியிருந்த ஒருவரை இழந்த துயரத்துக்கு அவருக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, அழும் சிறு பிள்ளையே. அழுகை நின்றதோ அதட்டலால் அன்று, அணைப்பால்.

நம்மவர் அணைக்கத் தயங்குவதற்கு ஒரு பண்பாட்டுக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், தமிழ்க் குடும்ப அன்பைப் பற்றி 1990இல் வெளியிட்ட நூலில், இங்கே தாயன்பு அடக்கிவைக்கப்படவேண்டியதாகக் கருதப்படுவதை விரிவாக எழுதுகிறார். பெற்றவள் கண்ணே பட்டுவிடும் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். அன்பு ‘பழக்கத்தால்’ வளர்வது என்று தமிழர் கருதுவதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். கத்தாபியின் சொல்லும் அதுவே. பெரியவர்கள் முன்னிலையில் தன் பிள்ளையைக் கொஞ்சத் தந்தை கூசுவது அண்மைக்காலம்வரை மரியாதையாகவே எண்ணப்பட்டது. முஸ்லிம் இல்லங்களும் அதற்கு விலக்கில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று நபியவர்கள் முன்னிலையில் சொன்ன அக்ரஉ இப்னு ஹாபிஸ் இதை ஒரு பெருமைபோலவே சொல்லியிருக்கவேண்டும். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் கிட்டாது என்ற கருத்தில் அவருக்குக் கிடைத்த விடை அனைவரும் அறிந்ததே.

தந்தையர் குறித்துத் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் தந்தை, விமான நிலையத்திலேயே பிள்ளையை அள்ளித் தூக்குகிறார். பிள்ளை அலறித் தாயின் தோளில் புதைகிறது. சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர், அவருக்கோ நெஞ்சில் முள். கைப்பேசித் திரையில் நாள்தோறும் சிரித்த பிள்ளைதானே என்று தோன்றும். திரையில் கண்ட முகத்துக்கு மணமில்லை, மடியில்லை. அந்த அலறலில் வெறுப்பு இல்லை. தன்னைக் காப்பவர் யார் என்று அறிந்த பிள்ளை, அறியாதவரிடமிருந்து அவரிடம் ஓடுகிறது. இந்த இயல்பே சில வாரங்களில் தந்தையிடமும் அதனைக் கொண்டுவந்து சேர்க்கும். அவர் செய்யவேண்டியது தரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல், பிள்ளையே நெருங்கிவரக் காத்திருப்பதுதான். முதலில் தூரத்தில் நின்று பார்க்கும். பிறகு ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடும். அந்தக் கொடை அற்பமான கரித்துண்டாக இருந்தாலும் அதனை வாங்கிக்கொள்ளத் தெரியவேண்டும்.

நபியவர்களின் மகன் இப்ராஹீமும் தந்தையின் இல்லத்தில் வளரவில்லை. மதீனாவின் மேட்டுப்பகுதியில் செவிலித்தாய் ஒருவர் வீட்டில் அவர் பாலருந்தி வந்தார். செவிலியின் கணவர் கொல்லர். உலைப் புகை வீடெங்கும் சூழ்ந்திருக்கும். ஆட்சியும் படைகளும் தூதுக்குழுக்களும் சூழ்ந்த அந்நாள்களிலும் நபியவர்கள் அங்கே செல்வார்கள். புகை நிறைந்த அவ்வீட்டினுள் நுழைந்து பிள்ளையை வாங்கி முத்தமிட்டுத் திரும்புவார்கள். இதை அறிவிக்கும் அனஸ் (ரலி), குடும்பத்தார்மீது அவர்களைவிட இரக்கம் மிக்க ஒருவரைத் தாம் கண்டதில்லை என்ற கருத்தில் கூறியது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி பத்தாம் ஆண்டில் அப்பிள்ளை இறந்தபோது வயது இரண்டும் நிறையவில்லை.

பால்குடி நிறுத்துதலை அரபு மொழி ‘ஃபிஸால்’ என்கிறது. பிரித்தல் என்பது அதன் பொருள். தமிழோ ‘பால் மறத்தல்’ என்கிறது. பிரிவு இருவருக்கும் உரியது. மறத்தல் பிள்ளைக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. நம் வீடுகளில் இது ஒரே நாளில் நடந்தேறும். வேப்பெண்ணெய் தடவுவர், அல்லது பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவர். பாலும் தாயும் ஒரே இரவில் மறைந்துவிட்டால் பிள்ளை எதை மறக்கும்? அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரண்டாண்டு முழுமையைக் கூறிவிட்டு, அதற்கு முன் நிறுத்துவதாயின் பெற்றோர் இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசிக்கவேண்டும் என்கிறது. மஷூரா என்றதும் நமக்கு அரசியலும் ஜமாஅத் நிர்வாகமும் நினைவுக்கு வருகின்றன. குர்ஆன் அதனை ஒரு பிள்ளையின் பால் குறித்தும் பேசுகிறது.

நாட்டுச் சட்டம் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் கிடைக்கிறது. தனியார் தொழிற்சாலைத் தாய்க்கு ஏறத்தாழ ஆறு மாதம். பேறுகாலத்துக்கு முன் எடுக்கும் வாரங்களும் இதில் கழிந்துபோகும். வேற்றுமுகம் தெரியத் தொடங்கும் பருவத்தின் வாசலில் அவள் வேலைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. இதற்கு அவளைக் குறைகூறுவதில் பொருளில்லை. கடனும் வாடகையும் காத்திருக்கின்றன. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் அமைக்கவேண்டும் என்றும் சட்டத்தில் உண்டு. அதைக் கேட்டுப் பெறும் வழியில் நம் ஜமாஅத்துகள் ஒருமுறையேனும் பேசியிருக்கின்றனவா?

பிள்ளையின் பற்றை அறியாமை பெருந்தீங்காக முடியுமிடம் மணமுறிவு. இரு வீட்டாரும் ஜமாஅத் முன் நின்று, இரண்டு வயதுப் பிள்ளையை நகை நட்டோடு சேர்த்துப் பட்டியலிடுவது வேதனையான காட்சி. ஃபிக்ஹின் ‘ஹளானத்’ பகுதியோ சிறுபிள்ளையின் வளர்ப்பில் தாய்க்கும், அவருக்குப் பின் தாயின் தாய்க்கும் முதலிடம் தருகிறது. ஹனஃபிகள் ஆண்பிள்ளைக்கு ஏழு வயதுவரை என வரையறுக்க, ஷாஃபிஈகள் விவரமறியும் வயது வந்தபின் பிள்ளையின் விருப்பத்துக்கு விடுவர். தந்தையும் தாயும் வழக்காடிய ஒரு சிறுவனிடம், விரும்பியவர் கையைப் பிடித்துக்கொள்ளுமாறு நபியவர்கள் கூற, அவன் தாயின் கையைப் பிடித்த நிகழ்ச்சி அவர்களின் ஆதாரம். உத்திரமேரூர்க் கல்வெட்டை அறிந்தோர்க்கு இங்கே ஓர் ஒப்பீடு தோன்றும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தலிலும் ஓலையை எடுக்க ஒரு சிறுவனையே அழைத்தனர். அவன் எதையும் அறியாதவன் என்பதற்காக அழைத்தனர். நபியவர்களோ அச்சிறுவன் அறிந்தவன் என்பதற்காக அவனைக் கேட்டார்கள்.

ஏழு வயதுப் பிள்ளை கையை நீட்டித் தேர்ந்துவிடும். இரண்டு வயதுப் பிள்ளையை யார் கேட்பது? 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், அறிவோடு விருப்பம் சொல்லும் வயதடைந்த பிள்ளையின் கருத்தையே கருதச் சொல்கிறது. அதற்கும் சிறிய பிள்ளையின் வாக்குமூலம் நாம் மேலே கண்டவைதாம்: யாரைக் கண்டு அழுகிறது, யாரிடம் ஆறுகிறது, தூக்கம் வந்தால் யாரைத் தேடுகிறது. ஹிஜ்ரி ஏழாம் ஆண்டில் நபியவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டபோது, ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறுமகள் சிறிய தந்தையே என்று கூவிக்கொண்டு பின்தொடர்ந்து வந்தார். அவரை வளர்க்க அலீ, ஸைத், ஜஅஃபர் (ரலி) மூவரும் போட்டியிட்டனர். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று கூறி, அவரை மணந்திருந்த ஜஅஃபரின் இல்லத்தில் நபியவர்கள் சிறுமியைச் சேர்த்தார்கள். மூவருமே தகுதி உடையவர்கள். தீர்ப்பு அவர்களின் தகுதியைப் பார்க்காமல், சிறுமிக்கு யார் தாயாவார் என்று பார்த்தது.

பள்ளிவாசலுக்குத் தந்தையின் விரலைப் பிடித்துவரும் சிறுவர்களைக் கடைசி வரிசைக்கும் அப்பாலுக்கும் துரத்தும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். நபியவர்களின் ஸுஜூது ஒருமுறை மிக நீண்டது. வஹீ இறங்குகிறதோ என்று பின்னால் நின்றோர் எண்ணினர். பேரப்பிள்ளை முதுகில் ஏறியிருந்தார், அவர் தேவை நிறைவேறுமுன் அவசரப்படுத்த விரும்பவில்லை என்பதே பின்னர் அவர்கள் தந்த விளக்கம். நஸாயீயில் இது பதிவாகியுள்ளது. முதுகில் ஏறுவதை விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். தேவை என்றார்கள்.

சீரா நூல்களில் இப்னு இஸ்ஹாக் வழியாக வரும் செய்தி ஒன்று உண்டு. ஹுனைன் போருக்குப் பின், ஹிஜ்ரி எட்டாம் ஆண்டில், சிறைப்பட்ட ஹவாஸின் குலத்தாருள் ஒரு முதுமகள், தாம் நபியவர்களின் பால்குடிச் சகோதரி என்றார். வீரர்கள் நம்பவில்லை. நபியவர்களிடம் அழைத்து வந்தபோது என்ன அடையாளம் என்று கேட்கப்பட்டது. ஹலீமாவின் மகள் ஷைமாதான் அவர். பாலைவனக் குடிலில் சிறு குழந்தையாயிருந்த அவர்களை இடுப்பில் சுமந்த ஒரு நாளில், தம் முதுகில் அவர்கள் கடித்த பல்தடத்தை அவர் குறிப்பிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. நபியவர்கள் அதை அறிந்துகொண்டார்கள். தம் மேலாடையை விரித்து அதில் அவரை அமரச் செய்தார்கள். தம்மோடு தங்கலாம், விரும்பினால் பரிசுகளோடு சொந்த மக்களிடம் திரும்பலாம் என்றார்கள். ஷைமா தம் மக்களிடம் திரும்பிச் சென்றார்.